மனநல ஆலோசகரின் அறைக்குள் என்ன நடக்கிறது?

மாணவர்களே, ஜொகூர் மாநிலத்தில் பொந்தியான் மாவட்டத்தில் இருக்கும் பெக்கான் நானாஸ் பக்கம் போயிருக்கிறீர்களா? பெயரே சொல்லிவிடும், அது அன்னாசி ஊர். அன்னாசிக்கென்றே ஓர் அரும்பொருளகம் அங்கே உண்டு. அந்த வட்டாரத்தின் கறுப்பு மண்ணை மலாய்மொழியில் 'தானா காம்புட்' என்பார்கள். சதுப்பு நிலத்தில் விழுந்த மரமும் இலையும் வேரும் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவான மண் அது. பல பயிர்களுக்கு ஒத்துவராத அந்தப் புளித்த மண்ணில் அன்னாசி நன்றாக வளரும்.

அந்த மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. வறட்சிக் காலத்தில் அதில் தீப்பிடித்தால், மேலே சுவாலை அணைந்த பிறகும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். நான்கு நாள் கழித்து, சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில் புகை வரும். மேலாகத் தண்ணீர் பீய்ச்சுவதால் பயனில்லை. எங்கே கனல்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, ஆழம்வரை மண் ஊறும்படி தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் விடவேண்டும்.

மனக்கஷ்டத்துக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "கவலைப்படாதே", "எல்லாம் சரியாயிடும்", "ஒழுங்கா படி, வேற எதையும் யோசிக்காதே". இவை எல்லாம் நல்ல எண்ணத்தில் சொல்லப்படுபவைதாம். ஆனால் மேலாக ஊற்றும் தண்ணீர். மனநல ஆலோசகர் செய்யும் வேலை வேறு. அது என்ன, அதற்குப் பின்னால் என்ன அறிவியல் இருக்கிறது, பெரியவர்களிடமும் உங்களைப் போன்ற பதின்ம வயதினரிடமும் அதை அவர் எப்படி வெவ்வேறு விதமாகச் செய்கிறார் என்று இந்த வாரம் பார்ப்போம்.

ஒரு வீடு, இரண்டு பேர்

விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பெக்கான் நானாஸில் ஓர் அப்பா, நான்காம் படிவம் படிக்கும் ஒரு மகள், ஒரு பாட்டி. அப்பாவுக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் இரண்டாவது பாலம் வழியாகப் போய், இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புவார். அம்மா இரண்டு ஆண்டுகளுக்கு முன் நோயில் இறந்துவிட்டார்.

ஒரு நாள் வகுப்பில் படைப்பு செய்யும்போது மகளுக்கு நா குழறிவிட்டது. யாரோ அதைக் கைப்பேசியில் பதிவு செய்து வகுப்பு வாட்சாப் குழுவில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு காலையில் எழுந்தாலே அவளுக்கு வயிறு வலித்தது. வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. பிறகு மூன்று நாள். பள்ளியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. "நான் யாருக்காக இப்படி ஓடுறேன்?" என்று அப்பா கத்தினார். மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவுக்கும் பல மாதங்களாகச் சரியான தூக்கம் இல்லை. ஆனால் அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இந்தக் குடும்பம் கற்பனை என்றாலும் இந்த நிலை கற்பனை அல்ல. சுகாதார அமைச்சு நடத்தும் தேசிய சுகாதார ஆய்வில், 2022-இல் நம் நாட்டுப் பதின்ம வயது மாணவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தென்பட்டன. 2023-இல் நடந்த ஆய்வு, ஏறக்குறைய பத்து லட்சம் பெரியவர்களிடம் மனச்சோர்வு இருப்பதாகக் கணக்கிட்டது. 2019-இல் 2.3 விழுக்காடாக இருந்தது அப்போது 4.6 விழுக்காடாக உயர்ந்திருந்தது. இவை கேள்வித்தாள் மூலம் எடுத்த கணக்குகள். அறிகுறி இருப்பவர் எல்லாரும் நோயாளி என்று பொருளில்லை. ஆனால் உங்கள் வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், உங்களைப் போலவே சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் சிலர் உள்ளுக்குள் சிரமப்படுகிறார்கள் என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

ஆலோசகர் யார்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மனநோய் மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, பிறகு மனநலத் துறையில் தேர்ச்சி பெற்றவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தருவது அவர் வேலை. ஆலோசகர் மருந்து தரமாட்டார். பேச்சையும் கேட்டலையும் முறையாகக் கற்று, அவற்றின் வழியாக உதவுபவர் அவர்.

நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் ஆலோசகர் என்று பலகை மாட்டிவிட முடியாது. 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், அதாவது 580-ஆம் சட்டம், அதற்கென ஒரு வாரியத்தை அமைத்தது. அந்த வாரியத்தில் பதிவு செய்து, தொழில் நடத்துவதற்கான சான்றிதழும் பெற்றவரே ஆலோசகராகத் தொழில் செய்யலாம். அவர் பெயருக்குப் பின்னால் 'கே.பி., பி.ஏ.' என்ற எழுத்துகளை நீங்கள் பார்க்கலாம். பதிவு பெற்றவர், தொழில் சான்றிதழ் உள்ளவர் என்பதற்கான மலாய்ச் சுருக்கம் அது. பள்ளியில் இருக்கும் வழிகாட்டி ஆலோசனை ஆசிரியர் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் ஆலோசனை உதவி.

அவர் கட்டொழுங்கு ஆசிரியர் அல்லர். அவர் அறைக்குள் போவது தண்டனையும் அன்று. "அங்கே போனால் பைத்தியம் என்பார்கள்" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பல் வலித்தால் பல் மருத்துவரிடம் போகிறோம். அதற்காக யாரும் நம்மைக் கேலி செய்வதில்லை. மனத்துக்கு மட்டும் நாம் வேறு சட்டம் வைத்திருக்கிறோம்.

முதல் பத்து நிமிடம்: இரகசியம்

பெக்கான் நானாஸ் போன்ற சிறிய ஊரில், காலையில் கடையில் சொன்னது மாலைக்குள் கோயிலில் தெரிந்துவிடும். அதனால் அங்கே உதவி தேடுபவரின் முதல் கேள்வி, "இது வெளியே போகுமா?" என்பதாகத்தான் இருக்கும். நல்ல ஆலோசகர் நீங்கள் கேட்பதற்கு முன்பே அதற்குப் பதில் சொல்லிவிடுவார்.

நீங்கள் சொல்வது அந்த அறைக்குள்ளேயே இருக்கும். ஆனால் அதற்கு எல்லைகள் உண்டு. உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், நீங்கள் இன்னொருவருக்குத் தீங்கு செய்யக்கூடும் என்று தெரிந்தால், உங்களை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால், அல்லது நீதிமன்றம் கேட்டால், அவர் தேவையானவர்களிடம் தேவையான அளவுக்குச் சொல்லியாக வேண்டும். அப்போதும் முடிந்தவரை, "யாரிடம் சொல்லப் போகிறேன், என்ன சொல்லப் போகிறேன்" என்பதை உங்களிடம் முதலில் தெரிவிப்பார்.

இங்கேதான் பெரியவருக்கும் பதின்ம வயதினருக்கும் உள்ள முதல் வேறுபாடு வருகிறது. அப்பா தானாக வந்து, தானே சம்மதித்து உட்காரலாம். மகளுக்கு இன்னும் 18 வயது ஆகவில்லை. அவளுடைய சிகிச்சையில் பெற்றோரின் சம்மதத்துக்கும் இடம் உண்டு. ஆகவே ஆலோசகர் இருவரையும் உட்கார வைத்து எல்லையைப் பேசி முடிவு செய்வார். "உங்கள் மகளின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் உடனே சொல்வேன். மற்றபடி அவள் என்னிடம் என்ன பேசினாள் என்று என்னைக் கேட்காதீர்கள். அவளே சொல்லும் நாள் வரும்." அப்பாவுக்கு இது முதலில் கசக்கும். ஆனால் இந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் மகள் வாயே திறக்கமாட்டாள்.

அறிவுரை சொல்வதில் என்ன தவறு?

ஆலோசகர் என்ற சொல்லைக் கேட்டதும், அவர் ஆலோசனை சொல்லிக்கொண்டே இருப்பார் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர் பேசுவது குறைவு. ஏன் அப்படி என்பதற்கு ஓர் உண்மைக் கதை உண்டு.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1930-களில் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் சிறுவர்களுக்கு உதவும் நிலையத்தில் பணியாற்றினார். அடங்காத ஒரு பையனின் தாய் அவரிடம் வந்துகொண்டிருந்தார். பையன் சிறு வயதில் தாய் அவனை ஏற்காமல் ஒதுக்கியதுதான் காரணம் என்பது ரோஜர்ஸின் முடிவு. அதை அந்தத் தாய்க்குப் புரியவைக்கப் பல சந்திப்புகளில் முயன்றார். ஒன்றும் நடக்கவில்லை. "நாம் இருவரும் முயன்றோம், பலிக்கவில்லை, இத்துடன் நிறுத்திக்கொள்வோம்" என்று கைகுலுக்கினார்கள். வாசல்வரை போன அந்தத் தாய் திரும்பி நின்று, பெரியவர்களுக்கும் இங்கே உதவி செய்வீர்களா என்று கேட்டார். செய்வோம் என்றதும் நாற்காலிக்குத் திரும்பி வந்து தன் திருமண வாழ்க்கையின் துயரத்தைக் கொட்டத் தொடங்கினார். அதுவரை அவர் சொல்லியிருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான சிகிச்சை அப்போதுதான் ஆரம்பமாயிற்று. கடைசியில் அது தாய்க்கும் உதவியது, பையனுக்கும் உதவியது.

எங்கே வலிக்கிறது என்பது வலிப்பவருக்குத்தான் தெரியும் என்று ரோஜர்ஸ் அதிலிருந்து கற்றுக்கொண்டார். 1957-இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில், மனிதர் மாறுவதற்கு ஆலோசகர் தரவேண்டியவற்றை அவர் வகுத்துச் சொன்னார். அவற்றில் மூன்று இன்றும் உலகமெங்கும் ஆலோசகர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. முதலாவது, எதிரே இருப்பவர் சொல்வதை அவர் இடத்தில் நின்று புரிந்துகொள்வது. இரண்டாவது, நல்லவர், கெட்டவர் என்று எடை போடாமல் அவரை மனிதராக ஏற்றுக்கொள்வது. மூன்றாவது, நடிக்காமல் உண்மையாக இருப்பது.

நம் மகளின் கதைக்கு வருவோம். முதல் சந்திப்பில் அவள் பத்து நிமிடம் பேசவே இல்லை. ஆசிரியர், "ஏன் பள்ளிக்கு வரல?" என்று கேட்கவில்லை. "இங்க வந்து உட்கார்ந்ததே உனக்குக் கஷ்டமா இருந்திருக்கும், இல்ல?" என்றார். அவள் தலையாட்டினாள். அன்றைக்கு அவ்வளவுதான். ஆனால் அடுத்த வாரம் அவளே கதவைத் தட்டினாள்.

பெயர் வைத்தால் ஏன் குறைகிறது?

"வெறுமனே பேசினால் என்ன ஆகிவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மூளையைப் படம் பிடித்துப் பார்த்த ஆய்வு ஒன்று இதற்கு ஒரு பதில் தருகிறது.

நம் மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பு வடிவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்தைக் கண்டால் மணி அடிப்பது அதன் வேலைகளில் ஒன்று. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மனும் அவருடைய குழுவினரும் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கோபம், பயம் முதலிய உணர்ச்சிகளைக் காட்டும் முகப்படங்களைப் பார்த்தவர்கள், அந்த உணர்ச்சிக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. நெற்றிப் பக்கம் உள்ள முன்மூளையின் ஒரு பகுதி அதிகமாக வேலை செய்தது. உணர்ச்சிக்குச் சொல் கிடைக்கும்போது, மூளையின் சிந்திக்கும் பகுதி கையைப் பிடித்துக்கொள்கிறது என்று சொல்லலாம்.

இதற்கு நேர்மாறானது, நினைக்காமல் இருக்க முயல்வது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை ஐந்து நிமிடம் நினைக்கவே கூடாது என்று கல்லூரி மாணவர்களிடம் சொன்னார். நினைவு வந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதுமட்டுமல்ல, பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, அடக்கி வைத்தவர்களுக்குக் கரடி இன்னும் அதிகமாக வந்தது. "அதையே நினைக்காதே" என்ற அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்று இப்போது புரிகிறதா?

பெயர் வைப்பதில் மொழியும் முக்கியம். நம் மொழியில் துயரம் பெரும்பாலும் உடம்பு வழியாகவே பேசும். வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு அடைக்கிறது, கை கால் ஓடவில்லை, மனசு பாரமாக இருக்கிறது என்கிறோம். உங்கள் ஆலோசனை ஆசிரியருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை. வாயில் வரும் தமிழ்ச் சொல்லையே சொல்லி, அது எப்படி இருக்கிறது என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ விளக்குங்கள். அந்த விளக்கமே உங்களுக்கும் தெளிவு தரும்.

வயிற்று வலி நடிப்பா?

நடிப்பு இல்லை. பயம் வந்தால் உடம்பு ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. அட்ரினலின் சுரக்கிறது. இரத்தம் கை கால் தசைகளுக்குத் திருப்பி விடப்படுகிறது. குடலின் இயக்கம் தாறுமாறாகிறது. வலி உண்மையிலேயே வருகிறது. உடம்பில் வேறு கோளாறு இல்லை என்று கிளினிக்கில் பார்த்து உறுதி செய்துகொள்வது முதல் வேலை. அதன் பிறகு ஆலோசகர் ஒரு வட்டத்தை வரைந்து காட்டுவார்.

காலை. 'எல்லாரும் சிரிப்பார்கள்' என்ற நினைப்பு. பயம். வயிற்று வலி. பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருத்தல். அரை மணி நேரத்தில் வலி குறைகிறது. பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. 'வீடு பாதுகாப்பு, பள்ளி ஆபத்து' என்று மூளை பாடம் படித்துவிடுகிறது. மறுநாள் பயம் இன்னும் கூடுகிறது.

நினைப்பு, உணர்ச்சி, உடம்பு, செயல் ஆகிய நான்கும் இப்படி ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன என்பதை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சையை வளர்த்தவர் அமெரிக்க மனநோய் மருத்துவர் ஆரன் பெக். 1921-இல் பிறந்து 2021-இல், நூறு வயதில் மறைந்தவர். மனச்சோர்வு உள்ளவர்களின் மனத்தில், அவர்களே கவனிக்காமல் சில நினைப்புகள் ஓடிக்கொண்டே இருப்பதை 1960-களில் அவர் கண்டார். அவற்றைப் பிடித்து, உண்மையா என்று சோதிக்கக் கற்றுக்கொடுத்தார்.

சோதனை என்றால் அறிவியல் சோதனை போலத்தான். 'எல்லாரும் இன்னும் அந்த வீடியோவையே பேசுகிறார்கள்' என்பது ஒரு கருதுகோள். சான்று என்ன? குழுவில் எத்தனை நாள் அதைப் பற்றிப் பேசினார்கள்? இரண்டு நாள். போன மாதம் வகுப்பில் வேறு யார் தடுமாறினார்கள் என்று உனக்கு நினைவிருக்கிறதா? இல்லை. கடைசியில் மகள் எழுதிய புதிய வாக்கியம் இது: 'சிலர் சிரித்தார்கள். எனக்கு வலித்தது. பெரும்பாலானோர் மறந்துவிட்டார்கள்.' இது வலியை மறைத்துப் பூசி மெழுகும் வாக்கியம் அன்று. உண்மையான வாக்கியம்.

அடுத்து ஏணி. பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். முதல் நாள் சீருடை அணிந்து ஆலோசனை அறைக்கு மட்டும் வருவது, பயம் 3. பிறகு வகுப்பில் இரண்டு பாடவேளை, பயம் 5. ஒரு தோழியிடம் ஒரு பக்கம் உரக்கப் படிப்பது, பயம் 6. ஒவ்வொரு படியிலும் பயம் தானாகக் குறையும்வரை நின்றுவிட்டு அடுத்த படிக்குப் போக வேண்டும். மூளை கற்ற பழைய பாடத்தின் மேல் புதிய பாடம் இப்படித்தான் ஏறும்.

ஒன்றை மறக்கக்கூடாது. அனுமதியில்லாமல் வீடியோ எடுத்துப் பரப்பியது தவறு. அதை மகளின் மனம் மட்டும் சரிசெய்ய முடியாது. அவளுடைய சம்மதத்தோடு ஆசிரியர் அதைப் பள்ளி நிர்வாகத்திடம் கொண்டுபோனார். வீடியோ நீக்கப்பட்டது.

பதின்ம வயதினரிடம் ஏன் வேறு முறை?

உங்கள் மூளை இன்னும் கட்டி முடிக்கப்படாத வீடு. உணர்ச்சி, பரபரப்பு, நண்பர்களின் பாராட்டு ஆகியவற்றுக்குத் துடிக்கும் பகுதிகள் முன்கூட்டியே முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிடுகின்றன. நிதானித்துத் திட்டமிடும் முன்மூளை இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டிருக்கும். தூக்கம் வரவழைக்கும் மெலட்டோனின் சுரப்பதும் இந்த வயதில் தாமதமாகிறது. இரவில் தூக்கம் வராமல், காலையில் எழ முடியாமல் இருப்பதெல்லாம் சோம்பேறித்தனம் அன்று.

ஆகவே ஆலோசகர் உங்களிடம் நீண்ட பேச்சை எதிர்பார்க்கமாட்டார். நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி வற்புறுத்தமாட்டார். தாளில் வரையச் சொல்லலாம், பாட்டுப் பட்டியலைக் காட்டச் சொல்லலாம், பள்ளித் திடலில் நடந்துகொண்டே பேசலாம். இன்னொன்றும் அவருக்குத் தெரியும். பெரியவர் பெரும்பாலும் தானாக வருகிறார், நீங்கள் பெரும்பாலும் அனுப்பப்படுகிறீர்கள். எனவே, "அப்பா உன்னைப் பற்றி என்ன மாறணும்னு நினைக்கிறாரு? நீ என்ன மாறணும்னு நினைக்கிற?" என்று தனித்தனியாகக் கேட்பார். இலக்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கும் உண்டு.

பெரியவரின் சுமை

அப்பாவின் கதையை விட்டுவிட்டோமே. தூக்கமின்மைக்காகவும் தலைவலிக்காகவும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனவரை, மருத்துவர் ஆலோசகரிடம் அனுப்பினார். "எனக்கு ஒண்ணும் இல்ல, தூக்கம்தான் வரல" என்றுதான் அவர் ஆரம்பித்தார்.

பெரியவர்களிடம் வேறு விதமான தடை உண்டு. ஆண்பிள்ளை அழக்கூடாது, வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது, நான் விழுந்தால் குடும்பம் விழும் என்ற நம்பிக்கைகள் நாற்பது ஆண்டுகளாக இறுகிப்போயிருக்கும். வேலையும் கடனும் கடமையும் நிஜமானவை. ஆலோசகர் அவற்றை உடைக்க முயல்வதில்லை. கோயிலில் வேண்டிக்கொண்டு கையில் கயிறு கட்டி வந்தாலும் அதைக் கேலி செய்வதில்லை. "இத்தனை நாள் எப்படித் தாங்கிக்கிட்டீங்க?" என்று கேட்பார். தாங்கிய வழியில்தான் அவருடைய பலமும் இருக்கிறது. பிறகு எண் கேள்வி: "0 முதல் 10 வரை இப்ப எங்க இருக்கீங்க?" "மூணு." "ஏன் இரண்டு இல்ல?" அப்பா யோசித்தார். "பிள்ளை இருக்கே." "மூணு நாலாகணும்னா என்ன நடக்கணும்?" நெடுநேரம் கழித்து அவர் சொன்னார்: "அவ அம்மாவைப் பத்தி வீட்டுல பேசணும். இரண்டு வருஷமா அவ பேரைக்கூட நான் எடுக்கல. எடுத்தா பிள்ளை அழுவா."

மகள் தன் ஆசிரியரிடம் அதே மாதத்தில் சொல்லியிருந்தது இது: "அம்மாவைப் பத்திப் பேசினா அப்பா உடைஞ்சிடுவாரு டீச்சர். அவரு மோட்டார்ல போறப்ப எனக்கு வயிறு கலங்கும். அவருக்கும் ஏதாவது ஆயிட்டா?" வீடியோ மேலே தெரிந்த புகை. கனல் இங்கே இருந்தது.

மகளின் சம்மதத்தோடு ஆசிரியர் இருவரையும் ஒரு நாள் ஒன்றாக உட்கார வைத்தார். அவர் சொன்னது ஒன்றுதான்: "ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்துறதுக்காக ரெண்டு பேரும் பேசாம இருக்கீங்க." அன்று இருவரும் அழுதார்கள். யாரும் உடைந்துவிடவில்லை. அன்றிலிருந்து அப்பா சிங்கப்பூர் சேர்ந்ததும் மகளுக்கு ஒரு செய்தி அனுப்புகிறார். அவளுடைய வயிற்று வலி ஒரே நாளில் போய்விடவில்லை. தேர்வு வாரத்தில் திரும்பவும் வந்தது. ஆனால் ஏணியில் எந்தப் படிக்கு இறங்கி நின்று மீண்டும் ஏறுவது என்று அவளுக்கு இப்போது தெரியும்.

பலிக்காவிட்டால்?

ஆலோசனை மந்திரம் அன்று. முதல் ஆலோசகரோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஆலோசகருக்கும் வருபவருக்கும் இடையே உருவாகும் நம்பிக்கை, சிகிச்சை பலிப்பதில் பெரும் பங்கு வகிக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே வேறொருவரைக் கேட்பது அவமரியாதை ஆகாது. சிலருக்குப் பேச்சு மட்டும் போதாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வம் இல்லாமை, சாப்பாடும் தூக்கமும் கெடுதல், வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆலோசகரே அங்கே அனுப்பி வைப்பார்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதைக் குற்றமாக்கியிருந்த தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நம் நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது. அப்படிப்பட்ட வேதனையில் இருப்பவர் தண்டிக்கப்பட வேண்டியவர் அல்லர், உதவி பெற வேண்டியவர் என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டுவிட்டது.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் தோழனோ தோழியோ மனம் விட்டுப் பேசினால், நீங்கள் ஆலோசகர் ஆக வேண்டாம். மூன்று காரியம் செய்தால் போதும். குறுக்கிடாமல் கேளுங்கள். "நீ சொல்றது புரியுது, கஷ்டமாத்தான் இருக்கும்" என்று சொல்லுங்கள். "வா, டீச்சர்கிட்ட சேர்ந்து போவோம்" என்று கூட நடந்து போங்கள். சாக வேண்டும் என்று சொன்னால் மட்டும், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். நம்பகமான ஒரு பெரியவரிடம் உடனே சொல்லிவிடுங்கள். நட்புக்கு அது துரோகம் ஆகாது.

கேட்பதற்கென்றே அமைந்த நிலையங்களும் உண்டு. கோலாலம்பூரில் பிஃபிரெண்டர்ஸ் 1970 முதல் இயங்குகிறது. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் ஸ்நேகா அமைப்பைத் தொடங்கினார். அங்கே தொலைபேசியை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். அவர்கள் உங்களை எடை போடமாட்டார்கள்.

இந்த எண்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்:

பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் (24 மணி நேரமும்): 03-7627 2929
தாலியான் காசே: 15999
சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை: 15555
உயிருக்கு ஆபத்தான நேரத்தில்: 999

உங்கள் பள்ளி ஆலோசனை அறை எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் திங்கட்கிழமை ஓய்வு நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உள்ளே போக வேண்டும் என்றில்லை. உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ தேவைப்படும் நாளில் வழி தெரிந்திருந்தால் போதும்.